ஏழாம் பத்தியை நம்பியவர்

அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்றை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரைக்கும் படித்து, படித்ததை நம்பி, நம்பியதைச் செய்தும் காட்டிய ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து கனகலிங்கம்தான். பதினைந்து வருஷம் அவர் பக்கத்து மேசையில் குப்பை கொட்டியவள் நான். ஆகவே இந்த விஷயத்தில் யார் வந்து வேறு பேர் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுற்றறிக்கை வந்தால் நாங்களெல்லாம் மேலே தேதியைப் பார்ப்போம், கீழே சுருக்குக் கையெழுத்துப் போடுவோம், அடுத்த மேசைக்குத் தள்ளுவோம். அதற்குத்தான் சம்பளம். அவர் ஒருத்தர்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பார்.

என் பெயர் தனலெட்சுமி. செந்தூல்காரி. 1978இல் ஜூனியர் கிளார்க்காகச் சேர்ந்தேன். எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன், இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன், எனக்கெதற்கு வம்பு. கோலாலம்பூரில் ஆறு மாடிக் கட்டடம், நாங்கள் நாலாவது மாடி, லிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள் ஓடும். அவ்வளவு தெரிந்தால் போதும்.

கனகலிங்கம் கிள்ளானில் பிறந்தவர். தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிள்ளான் ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்தார். பெரியப்பா கிளார்க், தாய்மாமன் கிளார்க், அண்ணன் கிளார்க். அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் அழுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் கையெழுத்து அழகாக வருமா என்று பார்ப்பார்கள் என்று நாங்கள் கேலி பேசுவோம். அவரும் 1958இல் உத்தியோகத்துக்கு வந்தார். பிரிக்பீல்ட்ஸ் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியேறினார். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரிடம் திட்டு வாங்கினேன். வந்த தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உறையை ஒரே இழுப்பில் கிழித்ததும், மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஏன் பிள்ளை கிழிக்கிறீர்? மெல்லமாப் பிரியும். உள்பக்கம் புதுசெல்லோ.”

“ஸ்டோர்ல கட்டுக்கட்டா புதுக் கவர் இருக்கு அங்கிள். கேட்டா தருவாங்க லா.”

“இருக்குதெண்டால் கிழிக்கிறதோ? நல்ல கதை.”

அந்த உறையை வாங்கி, ஒட்டிய இடத்தைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, கோதுமை மாவுப் பசையால் ஒட்டி என் மேசையில் வைத்தார். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த ஆபீஸ்காரர் முகத்திலும் கண்டதில்லை. பென்சில் பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டால் தீர்ந்துபோன பேனாக் கூட்டுக்குள் செருகி எழுதுவார். பார்சல் கட்டி வந்த சணலை முடிச்சவிழ்த்துச் சுற்றி வைப்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரித்தவள், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் மேசை டிராயரைத் திறப்பது மாதிரி, ஒவ்வொரு நூல்துண்டையும் எடுத்து முகர்ந்து பார்ப்பது மாதிரி நடித்துக் காட்டுவேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மனைவி பூரணம் அக்கா நல்ல வாய்க்காரி. பலகாரத் தட்டை வைத்த கையோடு ஆரம்பித்துவிட்டார்.

“உந்த மனுசன் குளிச்சுத் தேஞ்ச சவர்க்காரத் துண்டெல்லாம் சேர்த்து அமத்தி ஒரு கட்டியாக்குவார் தெரியுமோ? ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. விருந்தாளி வந்தால் நான் ஒளிச்சு வைக்கிறனான். அதையும் பொறுக்கலாம் பிள்ளை. என்ட தங்கச்சி புருசன் ரயில்வேயில சீஃப் கிளார்க்கா ரிட்டயர் பண்ணினவர். கந்தசுவாமி கோயில்ல ஒரு கலியாணமெண்டால் அவையை முன்வரிசையில இருத்துகினம். நான் தூணுக்குப் பின்னால இருந்து தாலி கட்டுறதைச் சத்தத்தில கேக்கிறன்.”

கனகலிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூரணம் அக்கா உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அவ சொல்லுறதும் சரிதான். மூண்டு தரம் சீஃப் கிளார்க்கா ஆக்டிங் பாத்தனான். ஒவ்வொரு தரமும் ஆரோ வந்து கதிரையில இருந்திட்டினம்.” எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முறுக்கைக் கடித்துச் சமாளித்தேன்.

1993இல் அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ஐம்பத்தைந்தில் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வருஷக் கடைசியில் எங்கள் சீஃப் கிளார்க் ஓய்வு பெறப் போகிறார், அடுத்த மே மாதம் பதவி உயர்வு வாரியம் கூடும், பட்டியலில் முதல் பேர் கனகலிங்கம். மகள் கனகேஸ்வரிக்கும் அடுத்த ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் சமூகத்தில் கல்யாணப் பத்திரிகையில் தகப்பன் பேருக்குக் கீழே உத்தியோகப் பேரையும் போடுவார்கள். பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் மாதிரி கூட எடுத்தாயிற்று, பேருக்குக் கீழே ஒரு வரி மட்டும் காலி. மேயில் தெரிந்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்று பூரணம் அக்கா சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த மனிதருக்கு மிச்சமிருந்த ஆசை அந்த ஒரு வரிதான்.

அந்த நேரம் பார்த்து வந்தது சுற்றறிக்கை.

முந்தின வருஷம் பிரேசிலில் உலகத் தலைவர்கள் கூடிப் பூமியைக் காப்பாற்றுவது பற்றிப் பேசினார்களே, அந்தப் பேச்சு விமானம் ஏறி, தலைமையகம் வந்து, படிப்படியாக இறங்கி எங்கள் மாடிக்கு வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வளம் குன்றாத பயனீடு, வளம் குன்றாத உற்பத்தி, அரசு அலுவலகங்கள் நாட்டுக்கே முன்மாதிரி என்று மலாயில் பெரிய தலைப்பு. பதினாலு பக்கம். பளபளவென்று தடித்த தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரே பக்கம்தான் அச்சு. தலைக்கு இரண்டு பிரதி: ஒன்று நாம் வைத்துக்கொள்ள, இன்னொன்று படித்தேன் என்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப. காகிதத்தைச் சேமிக்கச் சொல்ல எத்தனை காகிதம் என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதில் ஏழாம் பத்தி இப்படிச் சொல்லியது: ஒரு பக்கம் மட்டும் அச்சான எந்தத் தாளையும் மறுபக்கத்தைப் பயன்படுத்தாமல் கழிக்கக் கூடாது. குறிப்புகள், கடித வரைவுகள், அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். விதிவிலக்கு இல்லை.

கனகலிங்கம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். நான் பொய் சொல்லவில்லை.

“பாத்தீரே பிள்ளை? கவர்ன்மென்ட்டுக்கும் விளங்கியிட்டுது.”

முப்பத்தைந்து வருஷம் அவரைப் பார்த்துச் சிரித்த உலகம் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

இயக்கத்தை நடத்த ஒரு குழு அமைத்தார்கள். பொறுப்பு யூனுஸிடம். யூனுஸ் எங்கள் நிர்வாக அதிகாரி, கிள்ளான் துணிக்கடைக்காரர் மகன், முப்பது வயதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, நல்ல பிள்ளை, மேலே வர வேண்டும் என்ற அவசரம் மட்டும் உண்டு. குழுச் செயலாளர் வேலையை எவனும் ஏற்கவில்லை. யூனுஸ் நேரே கனகலிங்கத்தின் மேசைக்கு வந்தார்.

“அங்கிள், நீங்க எடுத்துக்கங்க. போர்டு உட்காரும்போது டைரக்டர் உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லா எழுதுவாரு. சீஃப் கிளார்க் கன்ஃபர்ம் லா.”

“அதுக்காகவெண்டில்லை தம்பி. இது நல்ல விசயம், அதால செய்யிறன்,” என்றார் கனகலிங்கம். அதற்காகவும்தான். ஏன் இருக்கக் கூடாது?

முதல் கூட்டத்திலேயே இடித்தது. தொடக்க விழாவுக்குப் பேனர் வேண்டும் என்றார் யூனுஸ். போன வருஷம் சுத்தம் பற்றி ஒரு பேனர் செய்தோமே, அதைத் திருப்பி எழுதலாம் என்றார் கனகலிங்கம். “அங்கிள், போட்டோவுல பழசு தெரியும்” என்று யூனுஸ் தலையில் கை வைத்தார். மறுசுழற்சிப் பெட்டிகள் மூன்று நிறத்தில் வாங்க வேண்டும் என்றார் யூனுஸ். ஸ்டோரில் தாள் வந்த அட்டைப் பெட்டிகள் நாற்பது சும்மா கிடக்கின்றன, நிறம் பூசிக்கொள்ளலாம் என்றார் கனகலிங்கம். சாப்பாடு? “தட்டுகள் வாடகைக்கு எடுப்பம், இல்லாட்டி வாழையிலை.” யூனுஸ் சிரித்தே விட்டார். டைரக்டர் வாழையிலையில் சாப்பிட்டுச் சட்டையில் ரசம் கொட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது?

கடைசியில் விழா நடந்தது. அடேயப்பா, என்ன விழா! குறைவாகப் பயன்படுத்துவது எப்படி என்று டைரக்டர் ஐம்பது நிமிஷம் பேசினார். மண்டபத்தில் ஏர்கோன் எலும்பைத் துளைத்தது, பெண்கள் எல்லாரும் சுவெட்டர் கொண்டுவந்திருந்தோம். ஆளுக்கொரு டீ சட்டை, எல்லாம் ஒரே அளவு, எனக்கு முழங்கால் வரைக்கும் வந்தது. முன்னூறு பலூனை வானத்தில் விட்டார்கள், பூமியை நேசிப்போம் என்று ஒவ்வொரு பலூனிலும் எழுதியிருந்தது. அவை எந்தப் பூமியில் போய் விழுந்தனவோ. சாப்பாடு வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டியில், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிளாஸ்டிக் கரண்டி, ஒரு முள்கரண்டி, ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல். நீலம், பச்சை, செம்மஞ்சள் என்று மூன்று புதுப் பெட்டிகளை டைரக்டர் நாடா வெட்டித் திறந்து வைத்தார். துப்புரவு செய்யும் வள்ளியம்மா அக்கா மூன்றையும் ஒரே கறுப்புப் பையில் கொட்டிக் கட்டினார். “பிரிச்சுப் போடணும்ல அக்கா?” என்று கேட்டேன். “ஒரே லோரிதானம்மா வருது. அதுக்குள்ள போய் நான் பிரிச்சுப் போடவா?” என்றார். அந்த விழாவில் எல்லாருக்கும் புரிகிற மாதிரிப் பேசியவர் அவர் ஒருத்தர்தான்.

நாங்கள் எல்லாரும் விழா முடிந்ததும் இயக்கமும் முடிந்தது என்று வீட்டுக்குப் போனோம். கனகலிங்கம் மறுநாள் காலை ஏழரைக்கே வந்து ஆரம்பித்தார்.

ஒவ்வொரு மேசையிலும் பழைய அட்டைப் பெட்டியில் ஒரு தட்டு வைத்தார், ஒரு பக்கம் காலியான தாள்களுக்கு. தினமும் மாலையில் அதைச் சேகரிப்பார். சுலிட் முத்திரை, அதாவது இரகசியம் என்று முத்திரை விழுந்த தாள்களைத் தனியாகப் பிரித்துக் கிழித்துவிடுவார், அதில் மனிதர் மகா கண்டிப்பு. முத்திரை இல்லாததை அளவு பார்த்து அடுக்கி, ஸ்டேப்ளர் பின்னை எடுத்து, மடிப்பை நீவி, எங்களுக்குத் திருப்பித் தருவார். சுற்றறிக்கையின் பிரதிகளையே சேர்த்து வைத்து ஆபீஸ் முழுக்கக் குறிப்பேடு தைத்துக் கொடுத்தார். பளபளப்பான தாள், பேனா வழுக்கும், ஆனாலும் எழுதினோம். ஸ்டோரில் புதுத்தாள் கேட்டுப் போனால், “பழசு முடிஞ்சுதோ?” என்று வந்து நிற்பார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் புதுத்தாள் வாங்க எவனுக்கும் மனசு வரவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு மாதத்தில் எங்கள் மாடி வாங்கிய தாள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. நான் சொல்லவில்லை, ஸ்டோர் புத்தகம் சொன்னது.

உடனே மாலை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: போன வருஷம் இத்தனை ரீம் தாள் வேண்டும் என்று கேட்ட நீங்கள் இந்த வருஷம் மூன்றில் ஒன்று மட்டும் செலவழித்தது ஏன்? போன வருஷம் தேவைக்கு மேல் கேட்டீர்களா? ஐந்து பிரதிகளில் பதில் அனுப்பவும். ஸ்டோர்க்காரர் கனகலிங்கத்தோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். காகிதம் குறைந்ததற்குக் காரணம் சொல்ல அந்த மனிதர் பதினொரு கடிதம் எழுதினார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு நல்ல சேதியும் வந்தது. முன்மாதிரி அலுவலகப் போட்டி என்று தலைமையகம் அறிவித்தது. எங்களைப் பார்க்க மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு மார்ச் மாதம் வரும். முழு அறிக்கை தயாராக இருக்க வேண்டும். டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கனகலிங்கத்தைத் தன் அறைக்கே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு டைரக்டர் அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. “நீங்கள்தான் அறிக்கை எழுத வேண்டும், மே மாதம் நான் மறக்க மாட்டேன்” என்றாராம். வெளியே வந்த மனிதர் நடக்கவில்லை, மிதந்தார்.

இரண்டு வாரம் எழுதினார். சாதனைகள் பகுதியை மட்டும் டைரக்டர் தானே எழுதிக் கொடுத்தார். நான்தான் டைப் அடித்தேன். ஆறு பிரதி வேண்டும், டைப் அடித்ததை ஃபோட்டோஸ்டாட் எடுக்க வேண்டும். டைப்ரைட்டரில் முதல் தாளைச் செருகுவதற்கு முன்னால், டைப்புக்கும் நகலுக்கும் சேர்த்துத் தாள் கட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். எல்லாம் ஒரு பக்கம் அச்சான பழைய தாள்.

“அங்கிள், இது மேலிடத்துக்குப் போற ரிப்போர்ட். இதுக்காவது புதுத்தாள் எடுங்க.”

“ஏழாம் பத்தியில அறிக்கைகள் எண்டு போட்டிருக்கு. விதிவிலக்கு இல்லையெண்டும் போட்டிருக்கு. நாங்களே மீறினால் பிறகென்ன முன்மாதிரி? சுலிட் எல்லாம் பாத்துக் கழிச்சிட்டன், ஒண்டும் இல்லை.”

சரியென்று தாளைப் போட்டேன். மூன்றாவது தாளைப் போடும்போது தற்செயலாகப் பின்பக்கம் கண்ணில் பட்டது. ஸ்டைரோஃபோம் பெட்டி ஐந்நூறுக்கு விலைப்புள்ளி. அடுத்த தாள், பலூனுக்கு. அடுத்தது, வெளிநாட்டு மறுசுழற்சிப் பெட்டிகளை உடனடியாக விமானத்தில் தருவிக்கச் சொல்லி டைரக்டர் கையெழுத்திட்ட கடிதத்தின் நகல். அப்புறம் டீ சட்டை, தண்ணீர்ப் போத்தல், பேனர். கட்டைப் புரட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி இதுதான். யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயமே இல்லை: அந்த வருஷம் எங்கள் ஆபீஸில் அதிகமாகக் காகிதம் தின்றது காகிதச் சேமிப்பு இயக்கம்தான். அதில் எதற்கும் சுலிட் முத்திரை கிடையாது. பலூன் இரகசியமா என்ன? அவர் முத்திரையை மட்டும் பார்த்தார். முத்திரை இல்லாத தாளில் ஆபத்து இருக்கும் என்று நினைக்கத் தெரியாத ஜன்மம்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு டைப் அடித்தேன். மதிப்பீட்டுக் குழுவின் முகம் எப்படி இருக்கும், டைரக்டரின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குழு வந்தது. கூட்ட அறையில் நான் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன், பார்க்க வேண்டும் என்றே நின்றேன். இடது ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் போட்ட அறிக்கையைப் புரட்டினால் என்ன ஆகும்? வலது பக்கம் அடுத்த பக்கம் தெரியும், இடது பக்கம் முந்தின தாளின் முதுகு தெரியும். வலது பக்கத்தில், ‘ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்கள் அறவே தவிர்க்கப்பட்டன.’ இடது பக்கத்தில், ஸ்டைரோஃபோம் பெட்டி ஐந்நூறு, வெள்ளை. வலது பக்கத்தில், ‘உள்ளூர்ப் பொருள்களுக்கே முன்னுரிமை.’ இடது பக்கத்தில், விமானத்தில் அனுப்பவும், அவசரம்.

குழுத் தலைவியான அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொருத்தர் இருமினார், அது இருமலே இல்லை. டைரக்டர் தன் பிரதியைப் புரட்டினார், பிறகு ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் பார்த்தார், பிறகு யூனுஸைப் பார்த்தார். யூனுஸ் கூரையைப் பார்த்தார். கனகலிங்கம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்த அறிக்கைக்காக ஒரு புதுத்தாள் கூட வாங்கவில்லை என்று பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் ஏன் பின்பக்கத்தையே பார்க்கிறார்கள் என்று அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. சிக்கனத்தைப் பாராட்டுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் என் சிரிப்பு போய்விட்டது. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதைக் கேளுங்கள்: போட்டியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு. மற்ற ஆபீஸ்களில் அந்தளவு கூட நடக்கவில்லையாம். வெல்வெட் பெட்டிக்குள் கண்ணாடிக் கேடயம், அதைச் சுற்றிக் குமிழ் பிளாஸ்டிக், அதைச் சுற்றி அட்டை. டைரக்டர் வாங்கி வந்தார். அதே வாரம் கனகலிங்கத்துக்குக் காரணம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அலுவலக ஆவணங்களைப் பொறுப்பில்லாமல் வெளியாருக்குக் காட்டி இலாகாவுக்கு அவமானம் தேடிக் கொடுத்ததற்கு ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?

யூனுஸ் அவர் மேசைக்கு வந்து குனிந்து பேசினார். நல்ல பிள்ளை என்று முன்பே சொன்னேனே.

“அங்கிள், டைரக்டர்கிட்ட நான் பேசிட்டேன். நீங்க ஒரே வரி எழுதினா போதும். ஏழாம் பத்தியை நான் தவறா புரிஞ்சுக்கிட்டேன், மன்னிக்கவும். அவ்வளவுதான். ஃபைலை மூடிடுவாரு. போர்டுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு லா, போஸ்டு உங்களுக்குத்தான்.”

“நான் பிழையா விளங்கேல்லை தம்பி.”

“தெரியும் அங்கிள். சும்மா எழுதுங்க.”

“விளங்கினதை விளங்கேல்லையெண்டு எப்பிடி எழுதிறது? அதில என்ன விளங்காமல் கிடக்கு? விதிவிலக்கு இல்லையெண்டு கிடக்கு.”

“அங்கிள், மக கல்யாணத்தை நினைச்சுப் பாருங்க.”

கனகலிங்கம் நினைத்துப் பார்த்தார். நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுத்தார், வைத்தார், எடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. நான் மனசுக்குள், எழுதித் தொலையுங்கள் மனுஷா, எழுதித் தொலையுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில் எனக்குக் காட்டினார். ‘ஏழாம் பத்தியைச் சரியாகவே புரிந்துகொண்டு, சரியாகவே நிறைவேற்றினேன். பின்பக்கத்தில் இருந்த செலவுகள் நான் செய்தவை அல்ல’ என்று எழுதியிருந்தார். முட்டாள்தனம் என்று சொன்னேன். “ஓம்,” என்றார்.

ஏப்ரலில் புதுச் சுற்றறிக்கை வந்தது: ஏழாம் பத்தி நீக்கப்படுகிறது, அலுவலக அறிக்கைகளுக்குப் புதிய தாளே பயன்படுத்தப்பட வேண்டும். தலைக்கு இரண்டு பிரதி. மேயில் வாரியம் கூடியது. கனகலிங்கத்தின் பேரை அடித்துவிட்டார்கள்.

ஆவணியில் கல்யாணம் கந்தசுவாமி கோயிலில் நடந்தது. பத்திரிகையில் அவர் பேருக்குக் கீழே எதுவும் இல்லை. பூரணம் அக்கா வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சந்தனம் கொடுத்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாய்க்காரி என்று நான் சொன்ன பெண் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

சீஃப் கிளார்க் நாற்காலி காலியாகவா கிடக்கும்? பட்டியலில் கனகலிங்கத்துக்கு அடுத்த பேர் என்னுடையது. நடுவில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ போய்விட்டார்கள். ஜூன் மாதத்திலிருந்து அவர் எனக்குக் கீழே வேலை பார்த்தார், மூன்று மாதம். தாள் தட்டுகளை எல்லா மேசையிலிருந்தும் எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது, என் கையெழுத்தில்தான் போயிற்று. ஒரு முணுமுணுப்பு இல்லாமல் அவரே எடுத்து அடுக்கினார். எனக்கு ஒவ்வொரு நாளும் முள்ளின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சிரிப்புக்காகத்தான் சொல்லாமல் விட்டேன் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் இரண்டாவது யார் என்பது டைப் அடித்த அன்றும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும்.

செப்டம்பரில் அவருடைய கடைசி நாள். ஆபீஸில் கேக் வெட்டிக் கொடுத்தோம், பேப்பர் தட்டில். எல்லாரும் போன பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“உமக்கு இந்தக் கதிரை கிடைச்சது எனக்குச் சந்தோசம் பிள்ளை. வேற ஆரும் வந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பன்.”

“அங்கிள்...”

“ஒரு விசயம் மட்டும் கேக்கோணும். அந்த ரிப்போட்டை நீர்தானே அடிச்சனீர். அடிக்கேக்க பின்பக்கம் பாக்கேல்லையோ?”

“இல்ல அங்கிள்.”

“அதுதானே,” என்றார். முகம் தெளிந்துவிட்டது. “பூரணம் எந்த நாளும் கேக்கிறவ, அந்தப் பிள்ளை பாத்திருக்குமே எண்டு. நான் சொன்னனான், பாத்திருந்தால் கட்டாயம் சொல்லியிருக்கும் எண்டு.”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.